சாரம் கட்டுவதும் பிரிப்பதும்: வீட்டில் பிள்ளையின் படிப்புக்குக் கைகொடுப்பது எப்படி?

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது கணக்குப் போடும் விதமே தனி. "எட்டும் ஐந்தும் எவ்வளவு?" என்று கேட்டால் நோட்டைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். "பன்னிரண்டா..." என்று இழுப்பாள். என் புருவம் லேசாக ஏறினால், "இல்லை, பதிமூன்று!" என்பாள். நான் தலையாட்டுவேன். எழுதிவிட்டு, அடுத்த கணக்குக்கு மறுபடி என் முகத்துக்கு வந்துவிடுவாள். பல மாதங்கள் இதை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறோம், பிள்ளையும் நன்றாகப் போடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் தேர்வு வைத்தார்கள். பத்துக்கு மூன்று.

அன்று சத்தம் போட்டேன். "வீட்டில் எல்லாம் சரியாகப் போட்டாயே, அங்கே என்ன ஆச்சு?" என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியாமல் நின்றாள். இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் விடையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது நான். அவள் அதை என் முகத்திலிருந்து படித்து எழுதிக்கொண்டிருந்தாள். தேர்வு அறையில் பார்க்க அந்த முகம் இல்லை.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இரண்டு விதம் பார்க்கிறேன். ஒன்று, என்னைப் போல் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஊட்டிவிடுவது. இன்னொன்று, "எனக்கு என்ன தெரியும், டீச்சர் பார்த்துக்குவாங்க" என்று மொத்தமாக விட்டுவிடுவது. இரண்டும் பாசத்தாலும் பயத்தாலும் வருவதுதான். இவற்றுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது.

சாரம் என்ற சொல்

வீடு கட்டுகிற இடத்தில் சவுக்குக் கம்புகளை நட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, குறுக்கே பலகை போட்டிருப்பார்களே, அதுதான் சாரம். கொத்தனாரின் கை எட்டாத உயரத்துக்கு அது அவரைத் தூக்கி நிறுத்துகிறது. சுவர் உயர உயர சாரமும் உயரும். பூச்சு முடிந்து காய்ந்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள். சுவரைக் கட்டுவது சாரம் அல்ல, கொத்தனார். ஆனால் சாரம் இல்லாவிட்டால் முதல் மாடியோடு வேலை நின்றுபோகும்.

கல்வியில் இந்தச் சொல் வந்த கதை இது. 1976-இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுள்ள 30 பிள்ளைகள். அவர்கள் முன்னால் 21 மரக்கட்டைகள். கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு பிரமிடு கட்ட வேண்டும். அந்த வயதுக்குத் தனியாகச் செய்ய முடியாத வேலை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். பிள்ளையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் பிள்ளையே செய்ய விட்டார். இடறுகிற இடத்தில் மட்டும் உதவினார். மூன்று வயதுப் பிள்ளைகளைக் கட்டைகளின் பக்கம் இழுத்து வருவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாய்வார்த்தையாக ஒன்றிரண்டு சொன்னால் போதும், திருத்திக்கொண்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களே செய்துவிட்டு, சரிதானா என்று பார்த்துக்கொள்ள மட்டும் அவரைத் தேடினார்கள். இப்படி ஆளுக்கு ஏற்ப அளந்து கொடுக்கிற உதவிக்குத்தான் கட்டடச் சாரத்தின் பெயரை வைத்தார்கள்.

இதற்கு வெகு முன்னாலேயே லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) என்ற ரஷ்ய உளவியலாளர் இதற்கான அடிப்படையைச் சொல்லியிருந்தார். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒரு எல்லை. துணை இருந்தால் செய்யக்கூடியது இன்னொரு எல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள பகுதியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்ப எழுத வைத்தால் பிள்ளைக்குச் சலிப்பு வருகிறது. துணை இருந்தும் எட்டாததைக் கொடுத்தால் அழுகை வருகிறது. நடுவில் இருக்கிற அந்த அகலம் பிள்ளைக்குப் பிள்ளை, பாடத்துக்குப் பாடம், ஏன், காலைக்கும் மாலைக்கும்கூட மாறும்.

நமக்கு இது புதிதும் அல்ல. விஜயதசமி அன்று பிள்ளையை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோம். முதல் எழுத்துக்குக் கை பிடிக்கிறோம். இரண்டாம் மாதம் மணிக்கட்டை மட்டும் தொடுகிறோம். அப்புறம் தொடுவதே இல்லை. எழுதுவதில் இயல்பாகச் செய்கிற இதைப் படிப்பதிலும் கணக்கிலும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?

சாரம் கட்டுகிறவர் முதலில் சுவர் எதுவரை எழும்பியிருக்கிறது என்று பார்ப்பார். வாசிப்பில் இதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 'பிரதம்' அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு தாளைக் காட்டுவார்கள். அதில் தனி எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை இருக்கும். பிள்ளை எதுவரை தடங்கல் இல்லாமல் படிக்கிறது என்று பார்ப்பார்கள். வகுப்பு எதுவாக இருந்தாலும் அதே தாள்தான்.

இதை வீட்டில் ஐந்து நிமிடத்தில் நீங்களே செய்யலாம். பழைய பாடப்புத்தகம் ஒன்று போதும். நான்காம் வகுப்புப் பிள்ளை சொல் வரை வந்து பத்தியில் தடுமாறினால், அவனுக்குச் சாரம் கட்ட வேண்டிய இடம் பத்திதான். நான்காம் வகுப்புப் பாடத்தை நூறு முறை படிக்கச் சொல்வதால் ஒன்றும் நடக்காது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்த எண்ணத்தில் எழுந்ததுதான். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள்?" என்று ஆசிரியரிடம் தாராளமாகக் கேட்கலாம். அது மதிப்பெண் இல்லை, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற அடையாளம்.

தமிழ் வாசிக்கையில் பிள்ளை தடுக்கும் இடங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "தாய்மொழிதானே, தானாக வந்துவிடும்" என்று நினைத்து நாம் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மொத்தம் 247 எழுத்து. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மீதி 216 உயிர்மெய். எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலான உயிர்மெய்கள் குறிகளால் ஆனவை. கால், கொம்பு, சுழி இவை பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உகர, ஊகார வரிசைதான் முரண்டு பிடிக்கும். கு, சு, து, பு, மு, நு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. பிள்ளை 'து'வில் தடுமாறினால் அது சோம்பல் இல்லை. அந்த வரிசையை மட்டும் தனியாக ஒரு வாரம் விளையாட்டாகப் பழக்கினால் சரியாகிவிடும்.

'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். நாக்கோ 'க்' என்றுதான் தொடங்க வேண்டும். நமக்குப் பழகிவிட்டது. ஆறு வயதுக் கண்ணுக்கு இது பெரிய குழப்பம். நிறையப் பிள்ளைகள் 'கொ'வை 'கெ, ஆ' என்று பிரித்துப் படிப்பது இதனால்தான்.

இன்னொன்று, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. கடல், பகல், தங்கம் என்ற மூன்றிலும் க இருக்கிறது, மூன்றிலும் ஒலி வேறு. பிள்ளை எழுத்துக்கூட்டி ப, க, ல் என்று அழுத்தி அழுத்திச் சொல்லும்போது, அது தினமும் காதில் கேட்கிற 'பகல்' மாதிரியே இருக்காது. அதனால் சரியாகப் படித்த பிறகும் "அப்படின்னா என்ன?" என்று விழிக்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் உதவும்: "இப்ப அதையே வேகமாச் சொல்லு, நமக்குத் தெரிஞ்ச வார்த்தை மாதிரி இருக்கா?"

எல்லாவற்றையும்விடப் பெரியது, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருப்பது. பிள்ளை வீட்டில் கேட்பது "வந்தாங்க", "இருக்கு". புத்தகத்தில் இருப்பது "வந்தார்கள்", "இருக்கிறது". யாரும் வாசித்துக் காட்டாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது தமிழ் காதுக்கே புதிது. அதனால்தான் தினமும் பத்து நிமிடம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்கிறேன். கதைப் புத்தகம் இல்லையென்றால் சிறுவர் மலரோ, பாடப்புத்தகத்தில் அடுத்து வரப்போகும் பாடமோ போதும். பிள்ளை ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டாம், கேட்டால் போதும். காதில் விழுந்த வாக்கியத்தைக் கண் பிறகு எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, பிள்ளை படிக்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டால் என்ன செய்வது? 'கொய்யாப்பழம்' என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வாய் துறுதுறுக்கும். முதலில் பொறுக்க வேண்டும், மனசுக்குள் பத்து வரை எண்ணுகிற நேரம். பல சமயம் அதிலேயே வந்துவிடும். வரவில்லையா, பின்பாதியைக் கட்டை விரலால் மறைத்து 'கொய்யா'வை மட்டும் காட்டுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் 'கொ' மட்டும் நீங்கள் சொல்லுங்கள், மீதியை அவள் கூட்டட்டும். பக்கத்தில் படம் இருந்தால் எழுத்துகளைக் கூட்டிய பிறகு அதைப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதலிலேயே படத்தைக் காட்டினால் பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் ஊகிக்கப் பழகிவிடும். எதற்கும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிடுங்கள், தவறே இல்லை. ஆனால் அந்த வரியை முதலிலிருந்து அவள் மறுபடி படிக்க வேண்டும். ஒரு படி உதவி செய்தும் முடியவில்லையென்றால் அடுத்த முறை ஒரு படி கூட்டுங்கள். முடிந்துவிட்டதென்றால் அடுத்த முறை ஒரு படி குறையுங்கள். உட்டும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் பிள்ளைகளுக்கு உதவிய தாய்மார்களைக் கவனித்தபோது, இப்படி நிலைமைக்கு ஏற்ப ஏற்றி இறக்கியவர்களின் பிள்ளைகள்தான் பிறகு தனியாக நன்றாகச் செய்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அம்மாயி எழுதிக் காட்டிய 'லை' தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. புத்தகத்தில் இருப்பது வேறு. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதுதான் ணை, லை, ளை, னை முதலியவை இன்றைய வடிவத்துக்கு மாறின. அதற்கு முன் படித்தவர்கள் கை பழையபடிதான் போகும். என் மகளுக்கு அதை ஒரு கதையாகச் சொன்னேன். குழப்பம் போய், "அம்மாயி எழுத்து" என்று அவளே தேடிப்பிடித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடன் வாங்கிக் கழித்தல்

கணக்கில் ஒரே ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பிள்ளை ஒரு விதியோடுதான் போட்டிருக்கிறாள். "2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2 போனால் 5. அப்புறம் 5-இலிருந்து 2 போனால் 3." பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டது மனதில் நின்றுவிட்டது. "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று நாம் கத்தினால், யாரிடமிருந்து, எதை, ஏன் என்று அவளுக்குப் புரியாது. பக்கத்து எண்ணிலிருந்து ஒன்றை எடுத்தால் அது எப்படிப் பத்தாகிறது? நியாயமான கேள்விதான்.

தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதிலிருந்து 27 குச்சி எனக்குக் கொடு" என்று கேளுங்கள். வேறு எதையும் சொல்லாதீர்கள். பிள்ளை இரண்டு கட்டை எடுத்துத் தரும். ஏழு உதிரிக்குத் தேடும். கையில் இரண்டுதான் இருக்கிறது. இந்த இடத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். என் மகள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒரு கட்டைப் பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். கடன் வாங்குவது என்றால் அவ்வளவுதான்! கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு. ஏழைக் கொடுத்தால் மீதி ஐந்து. மீதிக் கட்டு இரண்டு. 25.

இப்போது சாரத்தை எப்படிப் பிரிப்பது? நான்கைந்து நாள் குச்சியோடு போட்ட பிறகு, குச்சியை எடுத்துவிட்டு நோட்டில் படமாகப் போடச் சொல்லுங்கள், கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. கடன் வாங்கும்போது ஒரு கோட்டை அடித்துப் பத்துப் புள்ளி வைக்கட்டும். அது கை வந்ததும் படத்தை விட்டு, எண்ணுக்கு மேலே சின்னதாக 4 என்றும் 12 என்றும் எழுதட்டும். கடைசியில் அதுவும் வேண்டியிருக்காது. நடுவில் எங்காவது மறுபடி 35 மாதிரி விடை வந்தால் ஒரு படி பின்னால் வந்து குச்சியை எடுத்துக் கொடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விரல் விட்டு எண்ணுவதும் அப்படித்தான். அது பிள்ளை தனக்குத் தானே கட்டிக்கொண்ட சாரம். கையில் அடித்துப் பிடுங்கக் கூடாது. எட்டோடு ஐந்து என்றால், ஐந்தில் இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கு, மீதி மூன்று என்று காட்டினால் விரல்களுக்கு வேலை தானாகக் குறையும்.

எண்களை எழுதுவதில் வருகிற ஒரு தவறு உண்டு. "நூற்று ஐந்து எழுது" என்றால் 1005 என்று எழுதும். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறது, நூறு, அப்புறம் ஐந்து. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓர் அகலமான சீட்டில் 100 என்றும், ஓர் எண் அகலத்துக்குச் சின்னச் சீட்டில் 5 என்றும் எழுதி, 5-ஐக் கடைசிப் பூச்சியத்தின் மேல் வைத்துக் காட்டுங்கள். பூச்சியம் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று பிள்ளையே தூக்கிப் பார்க்கும். தொண்ணூறும் ஒரு பொறி. இருபது, முப்பது முதல் எண்பது வரை எல்லாம் 'பது' என்று வந்துவிட்டு, ஒன்பதாவது பத்துக்குப் பெயரில் 'நூறு' ஒலிக்கிறது. அங்கே தடுமாறாத பிள்ளைதான் ஆச்சரியம்.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு வேறு சிக்கல். 'தேர்ட்டீன்' என்று கேட்கும்போது மூன்று முதலில் வருவதால் 31 என்று எழுதிவிடும், 'தேர்ட்டி'யோடும் குழப்பிக்கொள்ளும். தமிழில் பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும், எழுதுகிற வரிசையிலேயே காதில் விழுகிறது. அதனால் ஆங்கில வழிப் பிள்ளைக்கும் எண்ணை முதலில் தமிழில் புரியவைத்துவிட்டு ஆங்கிலப் பெயரைச் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். புரிந்த ஒன்றுக்கு இரண்டாவது பெயர் வைப்பது எளிது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்

"நானே ஐந்தாவதோடு நின்னவ, எனக்கு எங்க இதெல்லாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, வீட்டுக்கு வர எட்டரை ஆகிவிடும். ஆனால் அவர் தோசை சுடும்போது மகனை அடுப்படி வாசலில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். நடுநடுவே, "அப்புறம் என்ன ஆச்சு சாமி?", "அந்த நரி ஏன் அப்படிப் பண்ணுச்சு?" என்று கேட்பார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, பையன் படித்ததைத் தன் சொந்த வார்த்தையில் மாற்றிச் சொல்கிறான். அவன் படித்தது புரிந்ததா என்று இதைவிடத் தெளிவாக எந்தத் தேர்விலும் தெரியாது. விடை தெரிந்த நான் செய்யாததை அவர் செய்துகொண்டிருந்தார். சாரம் கட்டுகிறவருக்குக் கொத்து வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே.

பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் இது நடக்கும். படத்தைக் காட்டி, "இதைப் பத்தி டீச்சர் என்ன சொன்னாங்க, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். மளிகைச் சீட்டைப் பிள்ளை எழுதட்டும். கால் கிலோ, அரை கிலோ, நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு, பஸ்ஸின் பெயர்ப்பலகையில் எந்த ஊர் என்பவை எல்லாம் இரண்டு நிமிட வேலை, உட்கார வைத்துப் படிக்க வைப்பதைவிடச் சில நாள் அதிகம் பயன்படும்.

வீட்டில் அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களிடமும் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்தது அதுதான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து 1797-இல் லண்டனில் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. நேற்றுதான் தானே தடுமாறிக் கற்றதால், எங்கே இடறும் என்று அக்காவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவளுக்கும் படிப்பு இருக்கிறது. தினமும் அவள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

நான் என்ன மாற்றினேன்

முகத்தை மாற்ற முடியாது, அதனால் உட்காருகிற இடத்தை மாற்றினேன். எதிரில் உட்காராமல் பக்கவாட்டில், காய் நறுக்கிக்கொண்டு. அவள் விடை சொன்னால் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். சரியான விடைக்கும் அதே கேள்விதான். தப்பானதற்கு மட்டும் கேட்டால், கேள்வியே தப்புக்கு அடையாளம் ஆகிவிடும். சந்தேகம் வந்தால் சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை. முதல் வாரம் அழுதாள். "சொல்லும்மா, சரியா தப்பா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரே நாளில் மொத்தச் சாரத்தையும் உருவிவிடக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. பத்துக் கணக்கில் முதல் ஐந்தை நான் கூட இருந்து பார்ப்பேன், மீதி ஐந்தை அவளே முடித்துவிட்டு மொத்தமாகக் காட்டுவாள் என்று ஒப்பந்தம் போட்டோம். பிறகு மூன்றும் ஏழும். அந்த மூன்றையும் விட்டபோது அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்வேன்: பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்காதீர்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும், வரைபடம் அசிங்கமாக இருக்கட்டும். நீங்கள் காட்ட வேண்டுமென்றால் வேறு தாளில் காட்டுங்கள். நோட்டில் ஒவ்வொரு பிழையையும் உடனே அழிக்கவும் வேண்டாம். வீட்டுப்பாடத்தில் பிழை இருந்தால்தான் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். நாம் திருத்தி அனுப்புகிற அழகான நோட்டு அவரை ஏமாற்றுகிறது.

நேரம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒரே மூச்சில் இருபது நிமிடம் போதும். பள்ளி விட்டு வந்ததும் உட்கார வைக்காதீர்கள், சாப்பிட்டு விளையாடிவிட்டு வரட்டும். பிள்ளை கண்ணைக் கசக்கி அழ ஆரம்பித்தாலோ, உங்கள் குரல் ஏற ஆரம்பித்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம்.

சாரம் கட்டியும் சுவர் எழும்பாத இடங்களும் உண்டு. இரண்டாம் வகுப்பு முடிந்து, மாதக்கணக்கில் பொறுமையாகக் கைகொடுத்தும் சின்னச் சொற்களைக்கூடக் கூட்ட முடியவில்லையென்றால், முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைப் 'படிக்காத பிள்ளை' என்று வருடக்கணக்கில் நினைத்துவிடுகிறோம். அவை நன்றாக இருந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அறிவுக் குறைவு இல்லை, சரியான பயிற்சி கிடைத்தால் முன்னேற்றம் வரும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் வழியாக அவர்களை அணுகலாம். ஆசிரியரிடம் போகும்போது "படிக்கவே மாட்டேங்கிறான்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "தனி எழுத்து படிக்கிறான், மூன்றெழுத்துச் சொல் வரை கூட்டுகிறான், ஒற்று வந்தால் நின்றுவிடுகிறான், முதல் எழுத்தை நான் சொன்னால் மீதியைப் படித்துவிடுகிறான்." அவர் அங்கிருந்து தொடங்க முடியும்.